நல்ல லாரி ஓட்டுநர் எங்கே உருவாகிறார்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் லாரித் தொழிலோடு ஏதேனும் ஒரு தொடர்பு இல்லாத தெருவைக் காண்பது அரிது. பாடி கட்டும் பட்டறைகள், பழைய டயருக்கு ரீட்ரெட் போடும் கூடங்கள், லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ்கள், வண்டிக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் என்று ஒரு லாரி பிறந்து, ஓடி, தேய்ந்து, மறுபடி விற்கப்படும் வரை தேவைப்படும் அனைத்தும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அங்கே கிடைக்கின்றன. மங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சமையல் எரிவாயு ஏற்றி வரும் கேஸ் டேங்கர்களும், சேலத்து ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் கொண்டு சென்று திரும்பும்போது நாசிக் வெங்காயத்தையோ மோர்பி டைல்ஸையோ ஏற்றி வரும் லாரிகளும், ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடெங்கும் போகும் ரிக் வண்டிகளும் இந்த வட்டாரத்தின் பெயரை இந்தியாவின் எல்லா நெடுஞ்சாலைகளுக்கும் எடுத்துச் சென்றிருக்கின்றன. லாரி ஓட்டுவதில் ஒருவர் வெற்றி பெறுவது என்றால் என்ன என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இங்குள்ள ஓனர்கள் ஓர் ஓட்டுநரைப் பற்றி விசாரிக்கும்போது அவர் எவ்வளவு வேகமாகப் போவார் என்று கேட்பதில்லை. வண்டி என்ன மைலேஜ் கொடுத்தது, டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது, சரக்கில் சேதாரம் உண்டா, கணக்கு நேராக இருக்கிறதா, பட்டறைக்கு எத்தனை முறை வந்தது என்பவைதாம் கேள்விகள். ஸ்டீயரிங் பிடிக்கும் திறமை இந்தக் கேள்விகள் எதிலும் நேரடியாக இடம்பெறுவதில்லை, அது இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் பலர் இத்தொழிலில் தோற்றுப்போவதற்கும், ஓட்டுவதில் பெரிய சாகசம் எதுவும் காட்டாத சிலர் 30 ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, உடம்பு கெடாமல் ஓய்வு பெறுவதற்கும் காரணம் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. எதை எப்போது செய்யக் கூடாது என்ற தீர்மானம்தான் இத்தொழிலின் மையம். அந்தத் தீர்மானம் வகுப்பறையில் வந்ததில்லை. கேபினுக்குள், மூத்த ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் வந்தது. அந்த இருக்கை இப்போது பெரும்பாலான லாரிகளில் காலியாக இருக்கிறது என்பதே இத்தொழிலைப் பற்றி இன்று சொல்லியாக வேண்டிய முதல் செய்தி என்று கருதுகிறேன்.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களுக்கு இலகுரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. கனரக உரிமத்துக்கான தேர்வு பொதுவாகக் காலி வண்டியில், சமதளத்தில், பகல் வெளிச்சத்தில் நடக்கிறது. அந்த உரிமத்தோடு வெளியே வரும் இளைஞர், அடுத்த வாரமே 28 டன்னுக்கு மேல் எடையுள்ள பத்துச் சக்கர லாரியை மழை இரவில் மலைப்பாதையில் இறக்குவதற்குச் சட்டப்படி தகுதி பெற்றவராகிவிடுகிறார். இந்த இடைவெளியை நிரப்பி வந்தது கிளீனர் என்ற ஏற்பாடு.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கிளீனர் இல்லாமல் லாரி புறப்படாது. பதினேழு, பதினெட்டு வயதில் வண்டியில் ஏறும் பையன் ஓட்டுநரை ‘அண்ணா’ என்று அழைத்து, முதல் ஆண்டு முழுவதும் ஸ்டீயரிங்கைத் துடைப்பதற்கு மட்டும் தொடுவான். டயரை இரும்புக் கம்பியால் தட்டி, எழும் ஓசையிலிருந்து காற்று குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். இரட்டைச் சக்கரங்களின் இடையில் கல் சிக்கியிருந்தால் எடுக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓட்டுநர் சொல்லும் முன்பே இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். தார்ப்பாயை எந்தப் பக்கத்திலிருந்து மடித்துப் போட்டால் எதிர்க்காற்று உள்ளே புகாது, கயிற்றை எந்தக் கொக்கியில் மாட்டி எப்படி இறுக்கினால் 500 கிலோமீட்டர் தாண்டியும் தளராது என்பதைக் கை அறிய வேண்டும். இதற்கிடையில், ஓட்டுநர் ஒவ்வோர் இறக்கத்துக்கு முன்பும் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார், எந்த ஊரைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கிறார், எந்த தாபாவில் நிறுத்துகிறார், எங்கே நிறுத்தாமல் போகிறார் என்பதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அவன் கைக்கு ஸ்டீயரிங் வரும்போது, அவன் அறியாமலே ஒரு பெரிய படிப்பு முடிந்திருக்கும்.

அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமலில்லை. சம்பளம் மிகக் குறைவு, வசவும் அடியும் உண்டு, படிக்க வேண்டிய வயதில் வண்டி ஏறிய பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பையன்கள் இன்று கல்லூரிக்கும் பனியன் கம்பெனிக்கும் போவது நல்லதுதான். அதே சமயம், வாடகை உயராமல் டீசலும் சுங்கக் கட்டணமும் உயர்ந்ததால் ஓனர்கள் இரண்டாவது ஆளின் படியை முதலில் வெட்டினார்கள். பவர் ஸ்டீயரிங்கும் டியூப்லெஸ் டயரும் ஃபாஸ்டேகும் வந்தபின் ஒரே ஆள் போதும் என்ற எண்ணம் வலுப்பட்டது. இதன் விளைவாக ஒற்றை ஓட்டுநரோடு தமிழ்நாட்டிலிருந்து குஜராத் வரை போய்வரும் வண்டிகள் சாதாரணமாகிவிட்டன. 2025 மார்ச் இறுதியில் தென்மண்டல கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் எதிர்த்த எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளில், மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பதும் ஒன்று. உரிமையாளர்கள் சொன்ன காரணம் பொய்யல்ல, ஆட்கள் உண்மையிலேயே கிடைப்பதில்லை. ஆனால் எரிவாயு ஏற்றிய வண்டியில் இரண்டாவது ஆள் வேண்டும் என்ற நிபந்தனையிலும் நியாயம் இருக்கிறது.

அந்தப் பக்கத்து இருக்கைப் படிப்பு என்ன கற்றுக் கொடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து வரும் பாரவண்டிகள் தருமபுரியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடர் இறக்கத்தில் இறங்குகின்றன. சாலை அகலமாக, நன்றாக இருப்பதால் இறக்கத்தின் கடுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. பல்லாண்டுகளாக இங்கே லாரிகள் கட்டுப்பாடிழந்து முன்னே போகும் வண்டிகள் மீது மோதியிருக்கின்றன. 2024 ஜனவரி 24 அன்று நடந்த தொடர் மோதலில் 4 பேர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் செய்தியில் வருவது ‘பிரேக் பிடிக்காததால்’ என்ற ஒரே வரி. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பது அந்த வரிக்குள் அடங்காது.

பாரம் ஏறிய லாரி இறக்கத்தில் இறங்கும்போது, அதன் எடை அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பை எதிர்க்க இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, தாழ்ந்த கியரில் போட்டு, புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினின் சுழற்சியைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் பயன்படுத்தி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வது. மற்றொன்று, காலால் பிரேக்கை மிதிப்பது. இரண்டாவது வழியை மட்டும் நம்பினால், பிரேக் லைனிங்கும் டிரம்மும் உரசி உரசிச் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிமானம் கிடைக்காது. லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஏர் பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகிறது. அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரெஸர் எஞ்சினால் ஓடுவது. வண்டி நியூட்ரலில் இருந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரெஸரும் மெதுவாகவே காற்றை நிரப்பும், செலவோ வேகமாக நடக்கும். அளவுமானியில் முள் கீழே இறங்குவதைப் பார்த்தபின் கியர் போடலாம் என்று நினைத்தால், அந்த வேகத்தில் கியர் விழாது. ஆகவே எந்தக் கியரில் இறங்குவது என்ற முடிவை மேட்டின் உச்சியிலேயே, வண்டி இன்னும் சொன்னபடி கேட்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதிலேயோ, அதற்கும் ஒரு கியர் குறைவாகவோ இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கிளீனருக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு.

இவ்வளவு தெளிவான விதியை ஓட்டுநர்கள் ஏன் மீறுகிறார்கள் என்பதற்கு அறியாமை பாதி விடைதான். மீதிப் பாதி டீசல். பல ஓனர்கள் இந்த டிரிப்புக்கு இவ்வளவு லிட்டர் என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள், மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, கூடினால் ஓட்டுநர் பொறுப்பு. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. டீசல் செலுத்துவதை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் டீசல் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிய வேண்டும். எப்படியும் பிரேக் பிடித்தே இறங்க வேண்டிய கடும் இறக்கத்தில் நியூட்ரலால் ஒரு சொட்டும் மிச்சமாவதில்லை. இந்த ஓர் உண்மையை ஒவ்வோர் ஓட்டுநருக்கும் எடுத்துச் சொல்வது, எச்சரிக்கைப் பலகைகள் பலவற்றைவிட அதிக உயிர்களைக் காக்கும் என்று நம்புகிறேன்.

மைலேஜ் என்பது ஓட்டுநரின் தொழில்முறைத் தகுதிக்கு நேரடியான சான்று என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. போகவர 2,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு டிரிப்பில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 625 லிட்டர் செலவாகும். 3.75 கொடுத்தால் ஏறத்தாழ 667 லிட்டர். கால் கிலோமீட்டர் வித்தியாசம் 42 லிட்டராகி, லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 3,780 ரூபாய் ஆகிறது. இதை நியூட்ரலில் தேட வேண்டியதில்லை. டயர்க் காற்றைச் சரியாக வைத்திருப்பது, சுழற்சிமானியில் உள்ள பச்சைப் பட்டையை விட்டு எஞ்சினின் சுழற்சி மேலேறாமல் கியர் மாற்றுவது, 200 மீட்டர் முன்னால் சிவப்பு விளக்கைக் கண்டதுமே காலை எடுப்பது, தாபாவில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காமலிருப்பது ஆகியவற்றிலேயே அது இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 புகை வரம்பு வண்டிகளில், புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்தின் அளவையும் எச்சரிக்கை விளக்குகளையும் கவனிக்கத் தெரியாதவர், நடுவழியில் எஞ்சின் இழுவை குறைந்து நிற்க நேரிடும்.

சரக்கின் இயல்பை அறிவது அடுத்தது, இதில் டேங்கர் தனி உலகம். மூட்டையும் பெட்டியும் கட்டிய இடத்தில் இருக்கும், திரவம் இருக்காது. டேங்கரை முழுக்க நிரப்புவதில்லை, சூட்டில் விரிவதற்கு இடம் விட்டே நிரப்புகிறார்கள். அந்த இடைவெளியில் திரவம் அலையடிக்கும். வளைவில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகும் உள்ளே திரவம் வெளிப்பக்கம் மோதிக்கொண்டிருக்கும். உயரமான எடைமையத்தோடு இது சேரும்போது, காலி வண்டிக்குச் சாதாரணமான வேகம் பாரவண்டியைக் கவிழ்க்கப் போதுமானதாகிவிடும். ரவுண்டானாக்களும் மேம்பால வளைவுகளும் மலைப்பாதையைவிட ஆபத்தானவையாவது இதனால்தான், மலைப்பாதையில் ஓட்டுநர் எச்சரிக்கையாக இருப்பார், நகர வளைவில் இருக்கமாட்டார். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து தீப்பற்றியதில் 20 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து எரிவாயு ஏற்றி வந்த டேங்கர், இழுவை வண்டியிலிருந்து பிரிந்து கவிழ்ந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பல மணி நேரம் போராடி அதை நிமிர்த்தினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. புறப்படுவதற்கு முன் இணைப்புத் தட்டையும் பூட்டையும் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பது ஏன் ஒரு நாளும் தவறக் கூடாத வேலை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இத்தகைய அபாயகரமான சரக்குகளுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதிப்படி, ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டேங்கர் ஓட்டுநர்களின் ஊதியமும் மரியாதையும் மற்றவர்களைவிடச் சற்று மேலாக இருப்பதற்கு இதுவும் காரணம். இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவதானால் இத்தகைய தனித்தகுதி உள்ள பிரிவுகளை நோக்கி நகர்வதே நல்லது.

‘முடியாது’ என்று சொல்லத் தெரிவது ஓட்டுநரின் கடினமான திறமை. பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மேல் ஏற்றச் சொல்லும் சரக்குக்காரரும், கண்டுகொள்ளாத ஓனரும் இன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அபராதத்தை ஓனர் கட்டிவிடலாம். தேய்ந்த பிரேக்கோடு, அளவுக்கு மீறிய பாரத்தோடு யார் மீதாவது ஏறினால் வழக்கு ஓட்டுநர் பெயரில்தான் வரும். எடை மேடைச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபின்பே தார்ப்பாய் கட்ட இறங்கும் ஓட்டுநர்களைச் சில புரோக்கர்களுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு நீண்ட காலம் வேலை தருபவர்கள் நல்ல ஓனர்கள் என்பது அனுபவத்தில் தெரிந்த ஒன்று.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு, ஜி.எஸ்.டி. அமைப்பில் இணையவழி எடுக்கும் இ-வே பில் என்ற அனுமதிச் சீட்டு கட்டாயம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் காலம் கணக்கிடப்படுகிறது. வண்டி பழுதாகியோ பாதை அடைபட்டோ தாமதமானால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம். அந்தக் கெடுவைக் கவனித்து ஆபீஸுக்குப் போன் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் ஓட்டுநர்தான். அதைப் படிக்கத் தெரியாதவர் வேற்று மாநிலச் சாலையோரத்தில் நாள்கணக்கில் வண்டியோடு நிற்க நேரிடும். எட்டாம் வகுப்பு நிபந்தனை நீங்கினாலும் எழுத்தறிவின் தேவை முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கிறது. பேச்சு இந்தியும் ஓரளவு தெலுங்கும் கன்னடமும் இல்லாமல் தொலைதூரம் ஓடுவது கடினம். நல்லவேளையாக இவை தாபாவிலும் லோடு இறக்கும் மண்டியிலும் தானாகவே நாக்கில் ஏறிவிடுகின்றன.

உறக்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைநேரத்தை வரையறுத்தது. தொலைதூர வழித்தடங்களில் அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம், 5 மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது தனியார் லாரிகளில் பெயரளவுக்குக்கூடப் பின்பற்றப்படவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய உண்மை. சிக்கலின் வேர் ஓட்டும் நேரத்தில் மட்டும் இல்லை, காத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. ஆலை வாசலிலும் குடோன் வரிசையிலும் பகல் முழுவதும், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், வெயிலில் கொதிக்கும் கேபினில் விழித்திருக்கும் ஓட்டுநர், லோடு ஏறி முடிந்த இரவிலேயே புறப்படுகிறார். கணக்கில் அது ஓய்வு நாள், உடம்புக்கு அப்படி இல்லை. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை மனித உடல் உறக்கத்தை நோக்கி இயல்பாகவே சரியும் நேரம். கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை தூங்கிவிடும் நிலை அப்போதுதான் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர் தூரம் வண்டி ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம்.

டீயும் புகையிலையும் அதிகச் சத்தமுள்ள பாட்டும் இதைத் தள்ளிப்போடுவதாகத் தோன்றும், தடுப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் கண்ணயர்வது ஒன்றே உடனடி மருந்து. அதற்கு நிறுத்த இடம் வேண்டும். வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள நிறுத்துமிடம் இல்லாததால்தான், டீசல் திருட்டுக்கும் தார்ப்பாய்த் திருட்டுக்கும் அஞ்சிப் பலர் உறங்காமல் ஓட்டுகிறார்கள், அல்லது நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்கு எமனாகிறார்கள். ஓட்டுநரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த நிறுத்துமிடங்களைப் பற்றியும் பேச வேண்டும். புதிய லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. இதை ஆடம்பரம் என்று முணுமுணுத்த ஓனர்கள் உண்டு. மே மாதம் நாக்பூர் வழியாக ஒரு முறை பகலில் போய்வந்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டியது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையாக்குகிறது. கும்பலின் சினத்தால் அது இயலாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஏற்றுக்கொள்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று சொன்னபோது, 2024 ஜனவரி தொடக்கத்தில் வட இந்தியாவில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். மற்றப் பிரிவுகள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. அடிக்கு அஞ்சி ஓடுபவரையும் பொறுப்பிலிருந்து தப்ப ஓடுபவரையும் வேறுபடுத்த எளிய வழி, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ 112 எண்ணுக்கோ உடனே தகவல் சொல்வதுதான்.

வருமானத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் வேலைக்குச் சேர்வது பலரை வீழ்த்துகிறது. மாதச் சம்பளமும் நாள் படியும், டிரிப்புக்கு இவ்வளவு என்ற பேச்சு, வாடகையில் சதவீதம் என்று மூன்று வகை ஏற்பாடுகள் இந்த வட்டாரத்தில் கலந்தே இருக்கின்றன. சதவீதக் கணக்கில் நல்ல மாதத்தில் கை நிறையும், லோடு இல்லாத மாதத்தில் ஒன்றும் இராது. டயர் வெடித்தால், சரக்கு குறைந்தால், ஆர்.டி.ஓ. அபராதம் வந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். டிரிப் ஷீட்டில் அட்வான்ஸ், டீசல், ஏற்று கூலி, இறக்கு கூலி, வழிச்செலவு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி, ரசீதைக் கிளிப்பில் மாட்டி வைத்து, திரும்பியதும் ஓனர் கேட்கும் முன்பே நீட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்த வட்டாரத்தில் வேலை தேட வேண்டிய அவசியமே வருவதில்லை. ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்வதும் அரை நாள் வேலை. இவற்றைச் செய்யாதவர்களே இன்னும் மிகுதியாக இருப்பது வருத்தமளிக்கிறது.

இனி அந்தக் காலி இருக்கைக்கு வருவோம். அசோக் லேலண்ட் நிறுவனம் 1990-களிலிருந்து நாமக்கல்லில் நடத்திவரும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்றவை அடிப்படையை ஒழுங்காகக் கற்றுத் தருகின்றன. வண்டியின் இயக்கத்தை விளக்குவதில் எந்த மூத்த ஓட்டுநரையும்விட அவை மேலானவை. ஆனால் மழையில் வழுக்கும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், பனி மூடிய அதிகாலை நெடுஞ்சாலையிலும், பேரம் பேசும் புரோக்கரின் முன்னிலையிலும் என்ன செய்வது என்பதைச் சில வாரப் பயிற்சியில் பெற முடியாது. பயிற்சி நிலையத்தை முடித்து உரிமம் பெற்ற இளைஞர், முறையான சம்பளத்தோடு ஓராண்டாவது இரண்டாவது ஓட்டுநராகப் போக வேண்டும். அந்தச் சம்பளத்தை ஓனர் மட்டும் சுமக்க முடியாது. சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் கொடுக்கும் வாடகையில் இரண்டாவது ஆளுக்கான தொகை தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் இரண்டாவது ஆளை நிபந்தனையாக்கும்போதே அவருடைய ஊதியத்தையும் ஒப்பந்த வாடகையில் காட்டினால், சிமென்ட் ஆலைகளையும் உருக்கு ஆலைகளையும் அதையே கேட்கும் வலு லாரி சங்கங்களுக்கு வரும்.

சொந்த வண்டி வாங்குவது இங்குள்ள ஓட்டுநர்கள் பெரும்பாலோரின் கனவு. இந்த வட்டாரத்தின் ஓனர்களில் பலர் அப்படி வந்தவர்களே. அவர்களில் நிலைத்தவர்களைப் பார்த்தால், முதல் வண்டியைத் தாங்களே ஓட்டியிருக்கிறார்கள், ரிட்டர்ன் லோடுக்கு நம்பகமான இரண்டு மூன்று புக்கிங் ஆபீஸ்களை ஓட்டுநராக இருந்தபோதே பழகி வைத்திருக்கிறார்கள், மாதத் தவணையோடு டயருக்கும் எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்றுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் டிரிப்புக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். வீழ்ந்தவர்கள் பெரும்பாலும் நல்ல சீசன் மாதத்தின் வருமானத்தை வைத்துத் தவணையைக் கணக்கிட்டவர்கள். லோடு குறையும் மாதத்திலும் தவணைத் தேதி மாறாது. வண்டி எட்டு ஆண்டுகளைக் கடந்ததும் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்கும். பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் அந்தச் செலவை இரண்டாம் ஆண்டிலேயே சந்திக்கிறார். வாங்குவதற்கு முன் அந்த வண்டி கடைசி ஓராண்டில் என்ன மைலேஜ் கொடுத்தது என்று அதை ஓட்டியவரையே தேடிப் போய்க் கேட்பவர்கள், ஃபைனான்ஸ் ஆபீஸ் படியேறுவதற்கு முன்பே பாதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.